வெறுங்கிளை

ஹொனலூலுவில் பார்த்த ஓவியக் காட்சி ஒன்றில், கிளையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பறவைக்குக் கீழே ஒரு குழந்தை கூடு வரைந்து வைத்திருந்தது. பழுப்புக் கிரேயானை அழுத்தி அழுத்திச் சுள்ளி சுள்ளியாகப் போட்ட கூடு. அதற்குள் மூன்று முட்டைகள். பறவை சரியாகவே வந்திருந்தது. கறுத்த அலகு, அலகின் அடியில் கொஞ்சம் நீலம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். அந்த வளையத்தால் முகத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்டிருப்பது போன்ற தோற்றம்கூடத் தப்பவில்லை. கூடுதான் பொய். மனு-ஓ-கூ என்று ஹவாய் மக்கள் அழைக்கும் இந்த வெள்ளை ஆலா கூடு கட்டுவதில்லை. ஒரே ஒரு முட்டையை வெறுங்கிளையின் மேல் வைத்துவிடும். காட்சியை ஏற்பாடு செய்தவர்கள் இந்தப் பறவைக்காகவே வருஷக்கணக்கில் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் திருத்தாமல் மாட்டியிருந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கூடு என்னை விட்டுப் போக மறுக்கிறது. பெரியவர்கள் வரைந்த படங்களிலும் அதே கூடு வேறு வேறு உருவத்தில் இருந்ததுதான் காரணம். ஒருவர் பறவையைச் செம்பருத்திக் கொத்துக்குள் செருகியிருந்தார். இன்னொருவர் வானவில்லை வளைத்து அதற்குக் கூரை போட்டிருந்தார். துணி ஒட்டுவேலை செய்த ஒரு பெண்மணி இலைகளை வட்டமாக அடுக்கி நடுவில் அதைப் பதித்திருந்தார். எல்லோருக்கும் அதை எங்காவது பத்திரமாக வைத்துவிட வேண்டும் என்று ஒரு தவிப்பு. வெறுங்கிளையை வெறுங்கிளையாக விட்ட படம் அந்தச் சுவரில் அநேகமாக இல்லை.

முட்டை விஷயத்தில் இந்தப் பறவையின் துணிச்சலை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மணலில் முட்டையிடும் ஆலாக்கள்கூட நெஞ்சை அழுத்தி ஒரு குழியாவது பண்ணிக்கொள்ளும். இது உயரத்தில், காற்றடிக்கும் கிளையில், ஒரு முடிச்சோ கவட்டையோ சின்னப் பள்ளமோ தேடி, புள்ளியும் கீறலுமான அந்த ஒற்றை முட்டையை நிறுத்துகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஐந்து வாரம் அடைகாக்கின்றன. மாறும் நேரம்தான் கண்டம். எழுகிற பறவையின் காலோ இறகோ இடறினால் முடிந்தது. பொரிந்து வரும் குஞ்சுக்கு உடம்பைவிடப் பாதம் பெரிது என்று தோன்றும். நகங்கள் கொக்கி. முதல் நாளிலிருந்தே அதன் வேலை பிடித்துக்கொள்வது. தாயும் தகப்பனும் கடலுக்குப் போய்விட, மழையிலும் வெயிலிலும் அசையாமல் அதே இடத்தில், பறக்கும்வரை சுமார் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருக்கும். கூடு என்றால் பேனும் உண்ணியும் சேரும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் கிளையடியில் நின்று மேலே பார்க்கிறவருக்கு விளக்கம் எதுவும் ஒட்டுவதில்லை. அவர் கை தானாகவே நீள்கிறது. கீழே ஒரு வலை கட்டலாமா, கிண்ணம் போல ஏதாவது பொருத்தலாமா என்று கேட்காதவர்கள் குறைவாம். அந்தக் கையும் கிரேயான் பிடித்த கையும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நாம் ஒன்றை நேசிக்க ஆரம்பித்ததும் முதலில் அதற்கு வீடு கொடுக்கிறோம். வீடு வேண்டாம் என்று வாழ்கிற உயிரிடம் இந்த அன்பு என்ன செய்யும் என்பதுதான் என்னைக் குடையும் கேள்வி.

இதை நகரத்துக்கு யாரும் அழைக்கவில்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியில், மிட்வே போன்ற தீவுகளில்தான் இது கூட்டம் கூட்டமாக இருந்தது. 1961இல் ஹொனலூலு இருக்கும் ஓஆஹு தீவின் தென்கிழக்கு ஓரம், கோகோ ஹெட் பக்கம், ஒரே ஒரு இணை முட்டையிட்டதைப் பார்த்தார்கள். அந்தத் தீவில் இது இனம்பெருக்கியதற்கு முதல் பதிவு அதுதான். அங்கிருந்து மெல்ல மெல்ல நகருக்குள் வந்தது. காட்டுப் பக்கம் போகவில்லை, மலைக்கும் போகவில்லை. நியூ பள்ளத்தாக்கிலிருந்து பேர்ல் துறைமுகம்வரை நீளும் தென்கரைப் பட்டையில், அதாவது தீவிலேயே கார்களும் கட்டடங்களும் மிக நெருக்கமாக உள்ள இடத்தில், நிலைகொண்டது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஹவாயின் பெரிய தீவுகளில் வேறெங்கும் இது முட்டையிடுவதில்லை. எலியும் பூனையும் கீரியும் காட்டோரத்தைவிட நகர நடுவில் குறைவு, கடலும் பக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் ஒழுக நடக்கும் வைகீகி நடைபாதைக்கு மேலே, பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, பல்கலைக்கழகத்து வாகன நிறுத்துமிடத்துக்கு மேலே அது முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2007இல் ஹொனலூலு நகரம் இதைத் தன் அதிகாரப்பூர்வப் பறவையாக அறிவித்தது. வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த குடியுரிமை. ஓஆஹுவில் இது அழியும் ஆபத்தில் உள்ள பறவை என்று மாநிலத்தின் பட்டியல் சொல்கிறது. இரண்டும் ஒரே பறவைதான்.

அது உட்காரும் மரங்கள் எவை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. குக்குயி என்ற மரத்தைப் பழைய பாலினீசியர்கள் தோணியில் கொண்டுவந்தார்கள். ஆல், மகோகனி, கொன்றை வகைகள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் நட்டவை. அதிகம் கண்ணில் படுவது நமக்கு நன்றாகத் தெரிந்த தூங்குமூஞ்சி மரம். இருட்டினாலும் மழை கறுத்தாலும் இலையை மூடிக்கொள்ளும் அதே மரம். அதன் பிசுபிசுத்த காயைத் தட்டிப் பந்து பண்ணாத பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு காலத்தில் இருந்திருக்க மாட்டார்கள். மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் போன மரம் அது. ஹவாய்க்கு 1847இல் அமெரிக்கத் தூதர் ஒருவர் இரண்டே விதையைக் கொண்டுவந்தார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. ஆக, மண்ணின் பறவை என்று கொண்டாடப்படுவது, மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த மரத்தில், மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய நகரத்தில் வாழ்கிறது. அதற்கு இதில் சங்கடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நமக்குத்தான். ஏனென்றால் மண்ணின் மக்கள் என்ற சொல்லை ஹொனலூலுவில் அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட முடியாது. இந்தப் பறவைக்கான விழா நடந்திருப்பது இயோலானி அரண்மனை வளாகத்தில். 1893இல் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1895இல் அரசி லிலியுஒகலானி அந்த அரண்மனையின் மாடி அறை ஒன்றிலேயே சிறைவைக்கப்பட்டார். அங்கே இருந்தபோது துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு விரிப்புத் தைத்தார். அது இன்றும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். வாடகையும் வீட்டு விலையும் கட்டுப்படியாகவில்லை என்பது போனவர்கள் சொல்லும் முதல் காரணம். வீடு தேவைப்படாத பூர்வகுடி ஒன்று மட்டும் நகரத்துக்குள் பெருகிக்கொண்டிருக்கிறது. நகரமும் மகிழ்ந்து அதன் படத்தை மாட்டுகிறது. இதை எழுதும்போதே கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. படம் வரைந்த குழந்தைகளிடம் போய்ச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. பறவைமேல் ஏற்றவேண்டிய பாரமும் இல்லை. ஆனால் ஒரு சுவரில் தொங்குவதற்கு எந்தப் பூர்வகுடி வசதியானது என்ற கேள்வி, அந்த வளாகத்து மரநிழலில் நின்றால், கேட்காமலே வந்து நிற்கிறது.

அழகைப் பற்றியும் எனக்குச் சந்தேகம். மனு-ஓ-கூ அப்பழுக்கில்லாத வெள்ளை. வெயிலுக்கு எதிரே பறந்தால் இறகுக்குள் வெளிச்சம் ஊடுருவும். மனிதரைக் கண்டால் பதறாது. தலைக்குமேல் வந்து நின்று ஒரு கணம் குனிந்து பார்க்கும். எச்சமும் சத்தமும் பெரிய தொந்தரவாக இல்லை. இப்படி ஒரு பறவை நகரத்துக்கு வந்தால் யார்தான் வரையமாட்டார்கள்? இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் வேறு ஒரு கதை. கிட்டிவேக் என்ற கடற்காகம், வாழ்நாளில் பெரும்பகுதியை அட்லாண்டிக் நடுவில் கழித்துவிட்டு முட்டையிட மட்டும் கரைக்கு வருவது. செங்குத்துப் பாறையின் விளிம்புதான் அதற்கு இடம். 1949 வாக்கில் ஆற்றுமுகத்திலுள்ள நார்த் ஷீல்ட்ஸில் ஒரு கிடங்கின் ஜன்னல் விளிம்பைப் பாறை என்று எடுத்துக்கொண்டது. பிறகு ஆற்றில் ஏறி, கேட்ஸ்ஹெட்டில் பால்ட்டிக் மாவு மில்லின் சுவருக்கு வந்தது. 1928இல் திறந்த டைன் பாலத்திலும் பின்னர் குடியேறியது. கடலிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஆயிரத்தைத் தாண்டிய இணைகள். உலகெங்கும் குறைந்துவரும் பறவை. மனிதன் போட்ட இரும்பில்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் அது எச்சமிடும், மீன் நாறும், விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கில் கத்தும். ஆகவே அதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, விளிம்புகளில் முள்கம்பி பதித்து வலை கட்டியவர்களும் உண்டு. வலையில் மாட்டிக்கொண்டு தொங்கிய பறவைகளும் உண்டு. இதில் எனக்கு மறக்கமுடியாதது, அந்த மாவு மில் என்னவாயிற்று என்பது. அது சமகாலக் கலைக்கூடமாகி 2002இல் திறக்கப்பட்டது. உள்ளே கலை வருவதற்காக வெளியே இருந்த பறவைகள் போகவேண்டியிருந்தது. அவற்றுக்கென்று ஒரு கோபுரம் செய்து, பிறகு அதையும் ஆற்றின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். சில பறவைகள் பழைய சுவருக்கே திரும்பிவிட்டன. கலைக்கூடமும் இப்போது அவற்றைச் சேர்த்தே தன்னைக் காட்டிக்கொள்கிறது. உள்ளே ஒரு கண்காட்சி, வெளிச்சுவரில் நாற்றத்தோடு இன்னொன்று.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கும்போது டைன் நதிவரை போனது ஏன் என்று கேட்கலாம். 2022இல் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை அகலமாக்க ஒரு மரத்தைச் சாய்த்தபோது, அதிலிருந்த கூடுகளோடு குஞ்சுகள் தார்ச்சாலையில் விழுந்து இறந்ததை அலைபேசியில் பார்க்காதவர்கள் குறைவு. நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரங்களில் வக்காவும் கொக்கும் கூடுகட்டும். கீழே வண்டி நிறுத்துகிறவர்கள் திட்டுவார்கள். மின்கம்பிக்காகக் கிளை கழிக்க வருகிறவர் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வக்காவுக்கு ஓவியக் காட்சி வைத்தால் யார் வரைவார்கள்? வரைந்தால் எச்சத்தையும் சேர்த்து வரைவார்களா?

பார்ப்பதில் எத்தனை வகை என்று யோசிக்கும்போது எனக்கு 1980இல் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். ஹோகுலேஆ என்ற இரட்டைத் தோணியில், திசைகாட்டி இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் நம்பி ஹவாயிலிருந்து தஹீதிக்குப் போன பயணம். வழிநடத்தியவர் நைனோவா தாம்சன். கூடவே சதவால் தீவிலிருந்து வந்த ஆசான் மாவ் பியாய்லுக். இந்த வெள்ளை ஆலா கடலோடிகளுக்கு ஒரு கருவி. காலையில் தீவிலிருந்து கடலுக்குப் போகும், மாலையில் தீவுக்குத் திரும்பும். நூற்றிருபது மைலுக்குள் நிலம் இருக்கிறது என்று அதைக் கண்டால் வைத்துக்கொள்ளலாம். ஒரு காலையில் ஒன்று பறந்து போனது. காலை என்பதால் அது நிலத்தைவிட்டுப் போகிறது, நிலம் எதிர்த்திசையில் என்று கணக்குப் போட்டார் நைனோவா. தோணியைத் திருப்பு, பறவை போகும் பக்கம் போ என்றார் மாவ். அதன் வாயில் மீன் இருந்ததை அவர் கவனித்திருந்தார். வாயில் மீன் என்றால் எங்கோ ஒரு குஞ்சு காத்திருக்கிறது. அப்படியானால் அது வீடு திரும்புகிற பறவை. இந்தக் கதையைத் தாம்சனே பலமுறை சொல்லியிருக்கிறார். மாவ் பார்த்த பறவையில் வெண்மை இருந்திருக்கும், ஒளி இருந்திருக்கும். அவர் கண்ணில் நின்றது குறுக்கே பிடித்த ஒரு சிறு மீன். காட்சிச் சுவரில் நான் தேடியதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். நீலவானில் சிறகு விரித்த பறவைகள் நிறைய இருந்தன. அலகில் மூன்று நான்கு மீனை வரிசையாகக் குறுக்கே கவ்விக்கொண்டு, அவசரத்தில், அலங்கோலமாக வரும் பறவை இல்லை. கடலுக்கும் கிளைக்கும் நடுவே அது செய்கிற வேலை இல்லை. விருந்தாளியாக வந்த தெய்வம் போல எல்லாப் படத்திலும் ஓய்வாக இருந்தது.

ஆனாலும் படத்தால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஹொனலூலுவிலேயே மோஅனலுவா தோட்டத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. குடை பிடித்தாற்போல் பரந்த மரம். 1973 முதல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் அதை விளம்பரத்தில் காட்டிவருகிறது; அந்த உருவத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் தோட்டம் பராமரிக்கப்படுகிறது. ஒரு மரத்தின் படம் அந்த மரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை ஒத்துக்கொண்டுவிட்டு, படம் போதாது என்று எப்படிச் சொல்வது? பறவைக் காட்சிக்கு வந்த ஒரு குடும்பம் மறுநாள் தங்கள் தெருமரத்தை அண்ணாந்து பார்த்தால், அடுத்த வாரம் மரம் கழிக்க ஆள் வரும்போது கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னால், அந்தச் சுவர் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு அந்தப் படத்தில் மீன் இருக்கவேண்டும், எச்சம் இருக்கவேண்டும் என்ற என் பிடிவாதம் யாருக்கு வேண்டும்? இந்த இடத்தில் நான் தடுமாறுகிறேன். என் தடுமாற்றத்துக்குப் பதில் போல ஹொனலூலு மரங்களில் ஒரு பொருளைப் பார்த்தேன். நீல ரிப்பன். முட்டையோ குஞ்சோ உள்ள மரத்தின் அடிப்பாகத்தைச் சுற்றித் தன்னார்வலர்கள் நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். மேலே குடும்பம் இருக்கிறது, ரம்பத்தை வைக்காதே என்று பொருள். அது பறவைக்கு எதையும் தருவதில்லை. கூடு இல்லை, வலை இல்லை, கிண்ணம் இல்லை. நம்மை மட்டும் சில வாரம் கட்டிப்போடுகிறது. குஞ்சு பறந்ததும் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அழகுக்கென்று அதில் எதுவும் கிடையாது. வெயிலில் வெளிறிப்போய், முனை கிழிந்து, சில மரங்களில் பரிதாபமாகத்தான் தொங்குகிறது. நகரமே சேர்ந்து செய்த கலைப்பொருள் ஒன்றைக் காட்டு என்றால் நான் அதைத்தான் காட்டுவேன். செம்பருத்திப் படத்தை வரைந்தவரே ரிப்பன் கட்டப் போகிறவராகவும் இருக்கலாம் என்பதும் தெரியும். இருந்தால் என் பிரிவினை அங்கேயே உடைந்துவிடுகிறது. உடையட்டும்.

ஆனால் ரம்பத்தின் கதை ரிப்பனோடு முடிவதில்லை. இந்தப் பறவை முட்டை வைக்கத் தேர்ந்தெடுக்கும் பள்ளங்களில் பல, கிளை கழித்த இடத்துத் தழும்புகள். வெட்டிய வாயைச் சுற்றி மரம் பட்டையைப் புடைத்து மூடப்பார்க்கும். முழுக்க மூடுவதற்குள் நடுவில் உள்ளங்கைக் குழி போல ஒரு இடம் நிற்கும். முட்டை உருளாமல் நிற்க அது போதும். மின்கம்பிக்காகவும், நடைபாதையில் தேங்காயும் கிளையும் விழுந்து வழக்கு வந்துவிடக் கூடாதே என்பதற்காகவும் நகராட்சி ஆட்கள் ஆண்டுக்காண்டு வெட்டித் தள்ளியதில், அவர்களுக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கான முட்டையிடங்கள் உண்டாகியிருக்கின்றன. கைபடாத காட்டு மரத்தில் இத்தனை தழும்பு கிடைக்காது. அப்படியானால் ரம்பம் எதிரியா, கூட்டாளியா? இன்று நிறுத்தச் சொல்லி ரிப்பன் கட்டுகிற அதே ரம்பம் பத்து வருஷத்துக்கு முன் வந்துபோனதால்தான் அங்கே முட்டை இருக்கிறது. அடுத்த காட்சி ஒன்றை ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தால், மரம் கழிப்பவர்களிடம் போய், வெட்டிப்போட்ட கிளைகளில் தழும்புள்ள துண்டுகளாகப் பார்த்து நாலைந்து வாங்கி வருவேன். சுவரில் மாட்டாமல், தொட்டுப் பார்க்கிற உயரத்தில், மேசைமேல் அப்படியே போட்டுவைப்பேன். பக்கத்தில் எந்தத் தெரு, எந்த வருஷம் வெட்டியது, வெட்டியவர் யார் என்று ஒரு சீட்டு. வரும் குழந்தைகள் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்க்கும். அதற்குள்ளும் சுள்ளி அடுக்கிக் கூடு பண்ணத்தான் பார்க்கும் என்று நினைக்கிறேன். தடுப்பதா, விட்டுவிடுவதா என்று இதுவரை முடிவு பண்ணவில்லை.